சத்தம் வராத பந்து

ஜூன் 3

அம்மாடி,

கடிதம் என்றால் 'நலம், நலமறிய ஆவல்' என்று ஆரம்பிக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தார்கள். அதற்கு மேல் என்ன எழுதுவது என்று சொல்லித் தருவதற்குள் நான் பள்ளிக்கூடத்தை விட்டு வந்துவிட்டேன். அதனால் முதல் வரிக்கு அப்புறம் வருவதெல்லாம் என் சொந்தச் சரக்கு. பொறுத்துக்கொள்.

போனில் பேசினால் என்ன என்று தையற்கார அக்கா கீழ்வீட்டிலிருந்து கேட்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை நாம் பேசியதை அவருக்கு அப்படியே சொல்லிக் காட்டினேன். உனக்கும் எழுதுகிறேன், படித்துப் பார்.

"சாப்டியா?"

"ம்."

"ஆட்டம் எப்படிப் போகுது?"

"ம்."

"ஏதாவது கஷ்டமா அங்க?"

லைன் போய்விட்டதோ என்று போனைத் தட்டினேன். அப்புறம், "ம்ஹூம்."

அந்தக் கடைசி 'ம்ஹூம்'தான் எனக்கு இடிக்கிறது. மற்ற 'ம்'களை விட அது கொஞ்சம் நீளம். உன் 'ம்'களை அளந்து பார்த்தே பல வருஷம் ஓட்டியவன் நான். பேச்சில்தான் நீ கஞ்சம், தாளில் அப்படி இல்லை. பள்ளிக்கூடத்தில் நீ எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டு உன் டீச்சர், "இது நிஜமாவே இவ எழுதினதா?" என்று என்னையே கேட்டார். எட்டாம் வகுப்போடு நின்றவனைப் பார்த்து அப்படிச் சந்தேகப்பட்டது எனக்குப் பெருமையாக இருந்தது. அதனால் எழுது.

இங்கே ஒரு சிக்கல். பேக்கரி மாஸ்டர் தினமும் "பொண்ணு நேத்து என்ன பண்ணுச்சு?" என்று கேட்கிறார். பேப்பரில் உங்கள் கால்பந்து கிளப் ஆடிய செய்தி வருகிறது, ஆடியவர்களில் நீ இல்லை. முகத்துக்கு நேராக எப்படிச் சொல்வது? "ஒரு கோல் போட்டா மாஸ்டர்" என்று சொல்லிவிடுகிறேன். இதுவரை என் வாயாலேயே நீ நிறைய கோல் போட்டாயிற்று. இப்படியே போனால் உனக்குச் சிலை வைக்கச் சொல்வார்.

அங்கே என்ன நடக்கிறது?

அப்பா


ஜூன் 11

அப்பா,

நான் கோல் போட்டதாகச் சொல்வதை நிறுத்துங்கள். நான் இப்போது பின்வரிசை. கோல் போகாமல் பார்ப்பதுதான் என் வேலை. அதையும் பார்க்கவில்லை.

முதலில் இருந்து சொல்கிறேன். என்னை எடுத்ததே பந்தை நிறுத்தும் விதத்துக்காக. தேர்வு நாளில் கோச் ஒரு பந்தை என் மேல் வேகமாக உதைத்தார். நிறுத்தினேன். இன்னொன்று. நிறுத்தினேன். "எல்லார் கால்லயும் பட்டா 'டப்'னு கேக்கும். உன் கால்ல பட்டா சத்தமே வரலையே, எங்க கத்துக்கிட்டே?" என்றார். வீட்டில் என்றேன். மேலே கேட்கவில்லை.

நடுவரிசையில் ஏற்கெனவே இரண்டு பேர் நன்றாக ஆடுகிறார்கள். பின்வரிசையில் ஒருத்திக்கு முட்டி போய்விட்டது. என்னை அங்கே போட்டார்கள். இரண்டு ஆட்டம் சரியாகப் போனது. மூன்றாவதில் எதிரணிப் பெண் ஒருத்தி இடது பக்கம் எங்கள் ஆட்களுக்குப் பின்னால் நழுவினாள். நான் பார்த்தேன். கீப்பர் பார்க்கவில்லை. யாரிடமும் சொல்லாமல் நானே ஓடினேன். கீப்பரும் அப்போதுதான் வெளியே வந்தார். இரண்டு பேரும் மோதிக்கொண்டோம். பந்து எங்களைத் தாண்டி மெதுவாக உருண்டு உள்ளே போனது. அவ்வளவு மெதுவாக ஒரு கோல் போய் நான் பார்த்ததில்லை.

கீப்பர் எழுந்து, "வாயில பூட்டு போட்டிருக்கியா? சாவிய யார்கிட்ட குடுத்தே?" என்று கத்தினார். அன்றிலிருந்து இங்கே என் பெயர் சைலன்சர்.

கோச் கத்தவில்லை. தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்.

"அவ ஓடினதைப் பார்த்தியா?"

"பார்த்தேன்."

"எப்போ?"

"ஓட ஆரம்பிச்சப்பவே."

"அப்போ ஏன் சொல்லல?"

நான் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினேன். "பின்வரிசைல நிக்கிறவளுக்குக் கால் பாதி, வாய் பாதி. எனக்குப் பாதி ஆள் வேண்டாம்" என்றார். எனக்குத் தந்திருக்கும் ஒப்பந்தம் இந்த சீசன் முடியும் வரைதான். அதற்குள் வாய் வரவில்லை என்றால் அனுப்பிவிடுவார்கள். இப்போது வெளியே உட்கார்ந்திருக்கிறேன்.

குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கத்திப் பார்த்தேன். தொண்டை வரை வருகிறது. அங்கேயே நின்றுவிடுகிறது.

திரும்பி வர மாட்டேன். இங்கேதான் ஆடப் போகிறேன். எப்படி என்று மட்டும் தெரியவில்லை.

நீங்கள் கிளம்பி வர வேண்டாம். பகலில் பஸ்ஸில் வந்தால் உங்கள் தூக்கம் கெடும்.


ஜூன் 20

அம்மாடி,

இவ்வளவுதானா விஷயம்! நான் கால் கை ஏதாவது உடைந்துவிட்டதோ என்று பயந்தேன். கத்தவில்லை என்பது ஒரு குற்றமா? கத்துகிற பிள்ளைகளைப் பெற்றவர்கள் வாங்காத வரமெல்லாம் நான் வாங்கியிருக்கிறேன்.

சும்மா உட்கார்ந்திருக்க எனக்குத் தெரியாது என்று உனக்குத் தெரியும். தையற்கார அக்காவின் பையில் ஒரு நல்ல பேனா இருந்தது. உன் கோச்சுக்கே ஒரு கடிதம் போட்டுவிட்டேன். 'மதிப்புக்குரிய' என்று ஆரம்பித்தேன். அதில் எழுத்துப்பிழை இல்லை, அக்கா பார்த்துவிட்டார்.

என்ன எழுதினேன் என்று உனக்கும் சொல்கிறேன். என் மகள் பிறவியிலேயே அமைதியானவள். இவள் அம்மா படுக்கையில் இருந்த காலத்திலும் சரி, அதற்கு அப்புறமும் சரி, எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு அறை. நான் ராத்திரியெல்லாம் பேக்கரியில் நின்றுவிட்டுக் காலையில் வந்து படுப்பேன். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் இவள் அதே அறையில், மாவு மூட்டைச் சாக்கைக் கிழித்துக் கந்தல் அடைத்துத் தைத்த பந்தை வைத்துக்கொண்டு, என் தலைமாட்டுக்கும் கதவுக்கும் நடுவில் விளையாடுவாள். சுவரில் அடிப்பாள். திரும்பி வரும் பந்தைக் காலால் வாங்கி நிறுத்துவாள். பூனை நடப்பது போல இருக்கும். இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட என்னை எழுப்பியது கிடையாது. அடுத்த வீட்டுக்காரர்களுக்கு எங்கள் வீட்டில் குழந்தை இருப்பதே தெரியாது. பள்ளி அணியில் எடுத்தபோது இரண்டு அளவு பெரிய பூட்ஸில் பஞ்சு வைத்து ஆடினாள், மாவட்டத்துக்குப் போனாள், உங்கள் கிளப் வரை வந்துவிட்டாள். எல்லாம் வாயைத் திறக்காமலே. ஆகையால் இவளைக் கத்தச் சொல்ல வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன், அது இவளுக்கு வராது, என்று முடித்தேன்.

கடைசியில் 'இப்படிக்கு, ஆட்டக்காரியின் தந்தை' என்று போட்டு அடியில் ஒரு கோடும் இழுத்தேன். கொஞ்சம் கோணல்தான், ஆனால் கம்பீரம்.

உன் கோச் நல்லவராகத் தெரிகிறார். புரிந்துகொள்வார். நீ நன்றாகச் சாப்பிடு.

அப்பா


ஜூன் 29

அப்பா,

கோச் உங்கள் கடிதத்தை என் கையில் கொடுத்தார். பக்கத்தில் நின்று நான் படித்து முடிக்கும் வரை காத்திருந்தார். அப்புறம் சொன்னார்: "உங்கப்பாவே எழுதிக் குடுத்துட்டார், உனக்கு வராதுன்னு. நான் இனிமே என்ன செய்யட்டும்?"

நான் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கிறேன். நீங்கள் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். பணிவோடு.

பிறவியிலேயே அமைதியானவளாம். யார் சொன்னது உங்களுக்கு?

எனக்கு ஏழு வயது. அம்மா இறந்துபோன வருஷம். மழை, வெளியே போக முடியாது. நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். நான் கதவின் கீழ்ப் பலகையில் சரியாக அடித்துவிட்டு 'கோல்' என்று கத்தினேன். முழுத் தொண்டையில். நீங்கள் தூக்கிவாரிப் போட்டு எழுந்து உட்கார்ந்தீர்கள். திட்டவில்லை. சிரித்தீர்கள். அப்புறம் உங்களுக்குத் தூக்கம் வரவில்லை, புரண்டுகொண்டே இருந்துவிட்டு அப்படியே வேலைக்குப் போனீர்கள். மறுநாள் காலையில் முழங்கை வரை கட்டுப் போட்டுக்கொண்டு வந்தீர்கள். தையற்கார அக்கா படியில் நிறுத்திக் கேட்டார். "தூக்கக் கலக்கம்க்கா, அடுப்பு என்னை ரொட்டின்னு நினைச்சுடுச்சு" என்றீர்கள். அவர் சிரித்தார். நீங்களும் சிரித்தீர்கள்.

நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் கத்தினால் அப்பா தூங்க மாட்டார். தூங்காவிட்டால் அடுப்பில் விழுவார். அப்புறம் அப்பாவும் இல்லை. ஏழு வயதில் நான் போட்ட கணக்கு அது. இன்றுவரை அதைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன். பந்து சுவரில் பட்டுத் திரும்பும்போது காலில் சத்தம் வரக்கூடாது என்று எத்தனை நாள் பழகினேன் தெரியுமா? உங்களுக்கு அது பூனை. எனக்கு அது பயம்.

அந்தக் கட்டுப் போட்ட கையை நீங்கள் எல்லாரிடமும் ஜோக்காகச் சொல்லிக்கொண்டு திரிந்தீர்கள். ஒவ்வொரு தடவையும் நான் பக்கத்தில்தான் நின்றேன்.

எனக்கு வரும் வராது என்று இனி யாருக்கும் எழுத வேண்டாம். எனக்கும் எழுத வேண்டாம்.


ஜூலை 18

அம்மாடி,

எழுத வேண்டாம் என்றாய். இத்தனை நாள் எழுதவில்லை. எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று தையற்கார அக்காவைக் கேள், அந்தப் பேச்சையெல்லாம் அவர்தான் கேட்டார்.

இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன். ஒன்று, கோச்சுக்கு மறுபடி எழுதினேன். பயப்படாதே, நான்கே வரி. 'என் முதல் கடிதத்தைக் கிழித்துப் போடவும். என் மகளுக்கு என்ன வரும், என்ன வராது என்பது எனக்குத் தெரியவில்லை. தெரிந்த மாதிரி எழுதிவிட்டேன். நீங்களே பார்த்து முடிவு செய்யவும்.' கோடு இழுக்கவில்லை.

இரண்டு, அந்தக் கை. அது தூக்கத்தால் பட்ட சூடு இல்லை. வலது கையுறையில் கட்டைவிரலுக்குக் கீழே ஓட்டை. தட்டின் விளிம்பு அந்த ஓட்டை வழியாகத் தோலைத் தொட்டது, கையை உதறினேன், உதறியதில் முழங்கை போய் அடுப்புக் கதவில் ஒட்டியது. தூங்கி எழுந்து வந்திருந்தாலும் பட்டிருக்கும். 'ஓட்டைக் கையுறை' என்று சொன்னால் ஜோக் நன்றாக இல்லை, அதனால் தூக்கம் என்று சொன்னேன். சிரிக்க வைக்க ஒரு வார்த்தையை மாற்றிப் போட்டேன், நீ அதைச் சுமந்துகொண்டு இவ்வளவு தூரம் நடந்திருக்கிறாய். இதற்கு மேல் இதைப் பற்றி எழுதினால் தாள் நனையும்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்கு ஒரு யோசனை. ஏழு வயதில் ஆரம்பித்து ஒருத்தி வாயைக் கட்டிக்கொண்டு இருந்தது எப்படி இருந்திருக்கும், நாமும் ஒரு தடவை இருந்து பார்ப்போம் என்று. வீட்டில் நான் தனி ஆள், அங்கே வாயை மூடுவது கணக்கில் வராது. அதனால் பேக்கரியில் ஆரம்பித்தேன்.

நீ எங்கள் பேக்கரிக்குள் வேலை நேரத்தில் வந்ததில்லை. அடுப்புக்கும் ரொட்டி ஆறவைக்கிற அலமாரிக்கும் நடுவில் ஒரு சந்து. ஒரு ஆள் தட்டோடு போனால் இன்னொரு ஆள் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அதனால் சூடான தட்டைத் தூக்கியவன் "சூடு! சூடு!" என்று கத்திக்கொண்டேதான் வருவான். முதுகு காட்டி நிற்கிறவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒதுங்குவான். இதில் நான்தான் அங்கே பெரிய வாய். நான் கத்தினால் தெருவில் போகிற நாய் ஒதுங்கும் என்பார்கள்.

முந்தாநாள் விடிகிற நேரம். பன் நிறைந்த தட்டைத் தூக்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டு வருகிறேன். மாவு பிசைகிறவர் மாவுத் தொட்டியை இழுத்தபடி பின்பக்கமாக வருகிறார். பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் என் மேல், தட்டு அவர் மேல், பன்னெல்லாம் தரையில். ஒரு பன் அவர் சட்டைக் காலருக்குள் போய்விட்டது. அவர் ஆடிய ஆட்டம் உங்கள் கிளப்பில்கூட யாரும் ஆட முடியாது. நல்லவேளை, கழுத்தில் லேசான சிவப்போடு போயிற்று.

மாஸ்டர் வந்தார். "ஏன்யா, வாயை வீட்ல வெச்சுட்டு வந்துட்டியா? அவர் வர்றதைப் பாக்கலியா?"

"பார்த்தேன் மாஸ்டர்."

"பார்த்தியா! நீ பார்த்து யாருக்கு என்ன லாபம்? அவருக்கு முதுகுலயா கண்ணு இருக்கு?"

எனக்கு உன் கோச் ஞாபகம் வந்தார். அவ்வளவுதான். உனக்குப் புத்தி சொல்லும் தகுதியெல்லாம் எனக்கு இல்லை, அன்று நன்றாக விடிந்த பிறகும் நான் பன் பொறுக்கிக்கொண்டிருந்தேன். மாவு பிசைகிறவர் இன்னும் என்னோடு பேசவில்லை. பேசாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று இப்போது நன்றாகத் தெரிகிறது.

அப்பா


ஜூலை 27

அப்பா,

கிளப் விடுதியில் படுக்கையில் உட்கார்ந்து உங்கள் கடிதத்தைப் படித்தேன். பன் காலருக்குள் போன இடத்தில் சிரித்துவிட்டேன். எதிர்க்கட்டிலில் இருந்த கீப்பர், "சைலன்சருக்குச் சிரிக்கக்கூடத் தெரியுமா?" என்றார். அவருக்குப் படித்துக் காட்டினேன். எல்லாவற்றையும். மழை நாள், கட்டு, எல்லாம். பாதியில் நிறுத்தச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் நிறுத்தவில்லை.

முடித்ததும் எழுந்து, "பூட்ஸ் மாட்டு" என்றார்.

மைதானத்தில் கோலுக்கு முன்னால் நின்று துண்டை எடுத்துத் தன் கண்ணைக் கட்டிக்கொண்டார். "நீ உதைச்சுட்டு எந்தப் பக்கம்னு சொல்லு. சொல்லலைன்னா என் மூஞ்சிதான். உன் இஷ்டம்."

முதல் பந்து. சொல்ல வாயைத் திறந்தேன், வரவில்லை. அவர் தோளில் பட்டது. இரண்டாவது, 'வல' வரை வந்தது, மூக்கில் பட்டது. "என் மூக்கு வீங்கினாத்தான் உனக்கு வாய் வருமாடி?" என்று துண்டுக்கு அடியிலிருந்து கத்தினார். மூன்றாவதுக்கு "வலது" என்றேன். நசுங்கின ரப்பர் பொம்மை மாதிரி ஒரு சத்தம். அவர் வலது பக்கம் பாய்ந்தார். பிடித்தார்.

தினமும் பயிற்சி முடிந்த பிறகு இதைச் செய்கிறோம். அவர் மூக்கு இப்போது பரவாயில்லை. கோச் ஜன்னலிலிருந்து பார்க்கிறார். ஒன்றும் சொல்வதில்லை.

ஆனால் ஆட்டத்தில் இன்னும் வரவில்லை. பயிற்சியாட்டத்தில்கூட. ஆட்கள் சுற்றி இருந்தால் தொண்டை பழையபடி மூடிக்கொள்கிறது.

ஆகஸ்ட் 10 கடைசி ஆட்டம். என் இடத்தில் ஆடுகிறவள் சிவப்பு அட்டை வாங்கிவிட்டாள், அன்று ஆட முடியாது. கோச் என்னைத்தான் இறக்க வேண்டும், வேறு ஆள் இல்லை. அந்த ஒரு ஆட்டம்தான். அதிலே பார்த்து முடிவு சொல்வேன் என்றார்.

வர வேண்டாம். கோபத்தில் சொல்லவில்லை. நீங்கள் பகல் நேரத்தில் அங்கே உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் எனக்கு நீங்கள் தூங்குவதுதான் ஞாபகம் வரும். அப்புறம் வாய் திறக்காது.

கையுறை விஷயத்தை நான் நம்பவில்லை. என்னைச் சமாதானப்படுத்தச் சொல்கிறீர்கள் என்று நினைத்தேன். தையற்கார அக்காவுக்குத் தனியாக எழுதிக் கேட்டேன். மறுநாளே அந்த ஓட்டையைத் தைத்துக் கொடுத்தது அவர்தானாம். கறுப்புக் கையுறைக்கு வெள்ளை நூல் போட்டதற்கு நீங்கள் சண்டை போட்டீர்களாம். சரி. நம்புகிறேன்.


ஆகஸ்ட் 2

அம்மாடி,

வரவில்லை. மகள் சொன்னதைக் கேட்கிற அப்பாதான் நான்.

மாஸ்டரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். நீ பின்வரிசை, ஒரு கோலும் போட்டதில்லை என்று. என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்போ இத்தனை நாள் நான் வீட்ல போய்ச் சொன்னதெல்லாம்?" என்றார். அவர் வீட்டில் நீ பெரிய ஆள் போலிருக்கிறது. அவமானம் எனக்கு, புகழ் உனக்கு, இதுவும் நல்ல பங்கீடுதான்.

அந்தக் கீப்பர் பெண்ணின் மூக்குக்கு என் வணக்கம்.

அப்பா


ஆகஸ்ட் 12

அப்பா,

வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் பாதி முழுவதும் நான் வாயைத் திறக்கவில்லை. காலால் எவ்வளவு முடியுமோ அவ்வளவும் செய்தேன். இரண்டு தடவை பந்தைச் சத்தமில்லாமல் பிடுங்கினேன், கைதட்டினார்கள். அப்புறம் ஒரு பந்து என் தலைக்கு மேல் போனது. பக்கத்தில் இருந்தவளுக்கு அவள் பின்னால் ஆள் நிற்பது தெரியாது. எனக்குத் தெரியும். கோல்.

இடைவேளையில் கோச் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "பாதி ஆளாத்தான் வந்திருக்கே" என்றார். எழுந்து போய்விட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இரண்டாவது பாதி ஆரம்பித்ததும் அவர்களுக்கு ஒரு கார்னர். வெயில் நேராகக் கீப்பர் கண்ணில். அவர் கையைப் புருவத்தில் வைத்துக்கொண்டு நிற்கிறார். பந்து மேலே எழும்புகிறது. அவர்களில் உயரமானவள் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஓடி வருகிறாள். கீப்பருக்குத் தெரியவில்லை. அவருக்கு முன்னால் நிற்கும் எங்கள் ஆள் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். எனக்கு அந்த முதுகு மட்டும்தான் தெரிந்தது.

"சூடு!"

நான்தான் கத்தினேன். 'ஆள் வருது' இல்லை, 'வலது' இல்லை. சூடு. எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். முதுகு காட்டி நின்றவள் பயந்து ஒதுங்கினாள். கீப்பருக்கு மட்டும் அது புரியும், அவருக்குத்தான் படித்துக் காட்டியிருந்தேனே. ஒதுங்கிய இடைவெளியில் பாய்ந்து வந்து முஷ்டியால் பந்தை வெளியே குத்தினார். விழுந்து எழுந்து என்னைப் பார்த்து, "இன்னொரு தடவை சொல்லுடி!" என்றார்.

சொன்னேன். அப்புறம் நிறுத்தவே இல்லை. விடு, திரும்பு, இடது, ஏறு, என் பந்து. யாரையெல்லாம் எப்படியெல்லாம் கூப்பிட்டேன் என்று தெரியாது, மூத்தவர்களைக்கூட 'ஏய்' என்றேன் என்று சொல்கிறார்கள். கடைசியில் எங்கள் நடுவரிசை ஆள் ஒரு கோல் போட்டாள். ஒன்றுக்கு ஒன்று. ஜெயிக்கவில்லை. தோற்கவில்லை.

ஆட்டம் முடிந்து கோச் கூப்பிட்டார். மேசையில் தாள் இருந்தது. இரண்டு வருஷ ஒப்பந்தம். "படிச்சுப் பாத்துட்டு ஏதாவது கேக்கணும்னா கேளு" என்றார். கேட்க நிறைய இருந்தது. வாயைத் திறந்தேன், வெறும் காற்றுதான் வந்தது. தொண்டை முழுதாகக் கட்டிவிட்டது. அவர் சிரித்த சிரிப்பில் தண்ணீர் புரையேறிவிட்டது. பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டேன்.

டாக்டர் சில நாள் பேசவே கூடாது என்று சொல்லியிருக்கிறார். அதனால்தான் போன் செய்யவில்லை. பேச வேண்டும் என்று தோன்றிய முதல் நாளே இப்படி.

என் குரல் எப்படி இருந்தது என்று உங்களிடம் சொல்ல வேண்டும் போல இருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. உள்ளே இருந்து கேட்டால் ஒன்றும் புரியவில்லை.


ஆகஸ்ட் 17

அம்மாடி,

எப்படி இருந்தது என்று நான் சொல்கிறேன்.

கோபப்படாதே. நீ தொண்டை கட்டியிருக்கும்போது எழுதுவதுதான் எனக்குப் பாதுகாப்பு. நான் வந்திருந்தேன்.

உன் கண்ணில் படக்கூடாது என்று கடைசி வரிசையில் தகரக் கூரைக்கு அடியில் உட்கார்வதாகத்தான் திட்டம். வேலை முடிந்த கையோடு பஸ் ஏறினேன். மாவு பிசைகிறவர் அன்று ராத்திரி என் அடுப்பையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். பேச ஆரம்பித்துவிட்டார், முதலில் பேசியது "போய்ட்டு வா, வாயை அங்கே விட்டுட்டு வந்துடாதே" என்பதுதான். ஜன்னலோர இருக்கை, நல்ல காற்று. இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போன பிறகு கண்டக்டர் தட்டி எழுப்பினார். நீ பயந்தது சரிதான், நான் தூங்கிவிட்டேன். வந்த வழியே திரும்பி, வழி கேட்டு, மைதானத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு வேர்த்து விறுவிறுத்து வருகிறேன், இரண்டாவது பாதி நடந்துகொண்டிருக்கிறது.

சுவருக்கு வெளியிலேயே ஒரு சத்தம். ஒரு பெண் குரல். கரகரவென்று, தகரத்தை இழுத்த மாதிரி. "விடு! விடுன்னு சொன்னேன்ல! ஏய், பின்னால பாரு!" என்கிறது. கொஞ்சம் நிற்கும், மறுபடி கிளம்பும். நான் நடக்கும்போதே நினைத்தேன், யார் பெற்ற பிள்ளையோ, வீட்டில் இருக்கிறவர்கள் பாவம், எப்படித்தான் சமாளிக்கிறார்களோ என்று. இதை நான் மனதுக்குள் நினைக்கவில்லை அம்மாடி, டிக்கெட் கிழிக்கிறவரிடம் வாய்விட்டே சொன்னேன். அவர், "அதெல்லாம் இன்னிக்குத்தாங்க, முன்னாடி இப்படி இல்ல" என்றார்.

உள்ளே போய் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். உன்னைத் தேடினேன். பின்வரிசையில் அமைதியாக நிற்கிற பெண் யார் என்று தேடினேன். ஒருத்தியும் இல்லை. பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு ஒருவர் இருந்தார். அவரைக் கேட்டேன், "சார், இவ்வளவு நேரமா கத்திட்டிருக்கே, அது யாரு?"

"அதோ, நாலாம் நம்பர்."

பார்த்தேன். கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு, கையை நீட்டி யாரையோ அங்கே போ என்று விரட்டிக்கொண்டு நீ நின்றாய். மறுபடி கத்தினாய். இப்போது பார்த்துக்கொண்டே கேட்டேன். அப்போதும் அது உன் குரல் என்று என் காது ஒத்துக்கொள்ளவில்லை, கண்தான் சொன்னது. அப்புறம் ஆட்டம் முடியும் வரை நான் பந்தைப் பார்க்கவில்லை. கோல் விழுந்ததையும் பார்க்கவில்லை, எல்லாரும் எழுந்ததால் நானும் எழுந்தேன்.

கீழே இறங்கி வந்து உன்னைப் பார்க்க நினைத்தேன். வர வேண்டாம் என்று சொன்னவளின் முன்னால் போய் நிற்கக் கூச்சம். அது உன் நாள். எழுந்திருக்காமல் அங்கேயே இருந்துவிட்டேன்.

ஆள் எல்லாம் கலைந்த பிறகும் நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அந்தக் குடைக்காரர் திரும்பி வந்தார். "அந்த நாலாம் நம்பர் உங்களுக்குத் தெரிஞ்ச பொண்ணுங்களா?" என்று கேட்டார்.

"இன்னிக்குத்தாங்க தெரிஞ்சுகிட்டேன்" என்றேன்.

அப்பா